கரியும் ஈயமும் போன வழி: செந்தூலிலிருந்து போர்ட் வெல்ட் வரை

வியாழன், செந்தூல்

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி பேராக்கின் ஈய ஊரான தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் என்ற சின்னத் துறைமுகத்துக்கு ஓடியது. எட்டு மைல் தூரம், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அந்தப் பாதை இப்போது கிடையாது. ஊருக்கும் போர்ட் வெல்ட் என்ற பெயர் போய், கோலா செபெத்தாங் என்று ஆகிவிட்டது. மிச்சம் இருப்பவை ஸ்டேஷனின் டிக்கெட் கவுண்டரும் பெயர்ப்பலகையும்தான். அந்தப் பலகையில் தமிழும் இருக்கிறது என்று நெடுநாளாகக் கேள்விப்பட்டு வருகிறேன். இந்தப் பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பியாயிற்று.

துணைக்குச் சித்தப்பா. இளவயதில் குவாங் பக்கம் தடம் பராமரிக்கும் ரயில்வே கேங்கில் வேலை பார்த்தவர். அப்புறம் கோலாலம்பூர் செந்தூலில் இருந்த ரயில்வே பட்டறைக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றார். “போர்ட் வெல்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பத்து ஆராங் போகணும்மா. நான் கட்டை மாத்துன லைன் அது” என்றார். ஆகவே வடக்கே போவதற்கு முன் குவாங்கிலிருந்து பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன கிளைப்பாதையும் பயணத்தில் சேர்ந்துகொண்டது.

இன்று முழுக்கச் செந்தூலிலேயே நடந்தோம். எஃப்எம்எஸ் (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரயில்வேயின் தலைமைப் பட்டறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அமைந்தது. இன்ஜின் பழுது பார்ப்பது, பெட்டி கட்டுவது, சக்கரம் கடைவது எல்லாம் இங்கேதான் நடந்தது. பட்டறையை ஒட்டி குவார்ட்டர்ஸ், அதை ஒட்டி கோயில், பள்ளிக்கூடம், மளிகைக்கடை என்று செந்தூலில் தமிழர் குடியேற்றம் வளர்ந்தது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தியாவிலிருந்து பறந்து வந்து, ஜப்பானியர் கையில் இருந்த இந்தப் பட்டறை மீது குண்டு போட்டன. போர் முடிந்ததும் மறுபடி எழுப்பினார்கள். இப்போது அந்த வேலையெல்லாம் பேராக்கில் பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் நாடக அரங்கமாக மாறியது. கேஎல்பேக் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கட்டடத்தை இடிக்காமல் விட்டதே பெரிய காரியம். ஆனால் உள்ளே நாடகம் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அந்தச் செங்கல் சுவருக்குள் யார் வேர்வை சிந்தினார்கள் என்று சொல்ல யாராவது வேண்டும்.

ரயில்வேயில் தமிழர்கள் இரண்டு வழியாக வந்தார்கள். ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து. எஃப்எம்எஸ் ரயில்வேயின் முதல் பொது மேலாளரான ஸ்பூனர் அதற்கு முன் இலங்கையில் பொதுப்பணித் துறையில் இருந்தவர். அங்கே ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்களை அவருக்குத் தெரியும். கிராணி (எழுத்தர்) வேலைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் அவர்களை நிறைய வரவழைத்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் அந்தச் சமூகத்தினர். இன்னொன்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து. மண் வெட்ட, கல் கொட்ட, கம்பி சுமக்க வந்தவர்கள் இவர்கள். “ஒரே ரயில்வேதான். ஆனா ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் படியில நாங்க உக்காந்தது கிடையாது” என்றார் சித்தப்பா. வருத்தமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் தேநீர் குடித்தபடி கேங் வேலையை விளக்கினார். காலையில் கீமேன் கையில் சுத்தியலோடும் ஸ்பேனரோடும் தன் பகுதி முழுவதும் நடந்து வருவார். கழன்ற ஆணியைத் தட்டி இறக்குவார், தளர்ந்த போல்ட்டை முடுக்குவார். கம்பிக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை உளுத்திருக்கிறதா என்பது சுத்தியல் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம்: நல்ல செங்கால் மரக்கட்டை கணீரென்று பதில் சொல்லும், உளுத்த கட்டை ‘தொத்’ என்று அமுங்கும். மழைக்காலத்தில் கட்டைக்கு அடியில் சேறு ஏறி, ரயில் போகும்போது தடம் எழுந்து எழுந்து அமரும். கேங் முழுவதும் வரிசையாக நின்று கம்பால் கல்லை உள்ளே இடித்துத் தள்ளினால்தான் தடம் நிற்கும். அப்புறம் அளவுகோல். இரண்டு கம்பிக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர் இருக்க வேண்டும். அதற்கென்றே ஓர் இரும்புக் கோல். அதைக் குறுக்கே வைத்துப் பார்ப்பார்கள். சித்தப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஒரு விரற்கடைகூடத் தவறவில்லை.

உலகில் பல நாடுகளில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். இங்கே முதல் நாளிலிருந்தே 1,000 மில்லிமீட்டர். அகலம் குறைந்தால் வளைவுகளை நெருக்கமாக வைக்கலாம், மலையை வெட்டுவதும் சதுப்பை நிரப்புவதும் குறையும். கையில் காசு குறைவாக இருந்த மாநில அரசுகளுக்கு அது தோதாக இருந்தது. 1885இல் எட்டு மைலுக்கு எடுத்த அந்த முடிவுதான் இன்றும் நாடு முழுவதும் நிற்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டரில் பறக்கும் இடிஎஸ் மின்ரயிலும் அதே ஒரு மீட்டர் தடத்தில்தான் போகிறது.

வெள்ளி, குவாங், பத்து ஆராங்

செந்தூலில் கொமுட்டர் புறநகர் ரயில் ஏறி, புத்ராவில் இறங்கி, தஞ்சோங் மாலிம் வண்டிக்கு மாறினோம். கெப்போங், சுங்கை பூலோ தாண்டினால் குவாங். இரட்டைத் தடம், மேலே மின்கம்பி, இரண்டு பக்கமும் உயரமான நடைமேடை. சித்தப்பா இறங்கியவுடன் மேற்குப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். பத்து ஆராங் கிளை பிரிந்துபோன பக்கம் அது. பார்க்க ஒன்றும் இல்லை. மரமும் வேலியும்தான். அவர் மட்டும் வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து ஆராங் நிலக்கரி 1908இல் கண்டுபிடிக்கப்பட்டது. லோக் இயூவும் ஜே.ஏ. ரஸ்ஸலும் முன்னின்று 1913இல் மலாயன் காலியரீஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1915இல் கரி வெளியே வரத் தொடங்கியது. அதைத் தூக்கிப் போகத்தான் குவாங்கிலிருந்து இந்தக் கிளைப்பாதை. கரியை வாங்கிய முதல் பெரிய வாடிக்கையாளர் ரயில்வேயே. ரயில் கரியைச் சுமந்தது, கரி ரயிலை ஓட்டியது. பங்சாரில் இருந்த மின்நிலையமும் இந்தக் கரியை எரித்துத்தான் கோலாலம்பூருக்கு வெளிச்சம் கொடுத்தது.

அந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. காற்றுப் பட்டால் தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கும். குவித்து வைத்தால் தீப்பிடிக்கும். சுரங்கத்துக்குள்ளும் அப்படி நெருப்புப் பற்றியது உண்டு. அதனால் எடுத்த கரியை நிறைய நாள் கிடப்பில் போட முடியாது. வெட்ட வெட்ட வண்டியில் ஏறிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கிளைப்பாதை இல்லாமல் இந்தச் சுரங்கம் இல்லை என்பதன் அர்த்தம் இங்கே வந்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

குவாங்கிலிருந்து கிரேப் வாடகைக் கார் பிடித்தோம். செம்பனையும் புதிய வீடமைப்பும் மாறி மாறி வருகின்றன. ஊருக்குள் நுழைந்ததும் பழைய கடைவரிசை, அப்பால் செங்கல் சூளையின் புகைபோக்கி. கம்பெனி கரியோடு நிற்கவில்லை. செங்கல், பலகை எல்லாம் இங்கே செய்தது. ஒரு காலத்தில் சிலாங்கூரின் பரபரப்பான ஊர்களில் இதுவும் ஒன்று. மண்ணை மேலிருந்து வெட்டிக் கரி எடுத்த பெரிய குழிகள் இப்போது குளங்களாகிவிட்டன. ஒரு குளக்கரையில் இரண்டு பேர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒட்டுக்கடை ஒன்றில் வடையும் கோப்பி ஓவும் சொன்னோம். கடைக்காரம்மாவின் தாயார் உள்ளே நாற்காலியில் இருந்தார். சித்தப்பா பேச்சுக் கொடுத்ததும் அந்தப் பாட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கப்பா நிலத்துக்கடியில வேலை பார்த்தவரு. சங்கு ஊதுனா ஊரே எழுந்துக்கும். கம்பிச்சடக்கு அந்தா அந்தப் பக்கமா போகும். கரி வண்டி போனா துணி காயப்போட முடியாது, எல்லாம் கறுத்துடும். எங்கம்மா சத்தம் கேட்டதும் ஓடிப் போய்த் துணிய எடுப்பாங்க.”

“வேலை நிறுத்தம் பத்திச் சொல்லுவாங்களா பாட்டி?” என்று கேட்டேன்.

“அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அப்பா சொல்லுவாரு. சீனவங்க, நம்மாளுங்க எல்லாம் சேர்ந்துகிட்டாங்கன்னு.”

1937 மார்ச்சில் பல ஆயிரம் தொழிலாளர்கள் கூலி உயர்வும் ஒப்பந்தக்காரர்களின் பிடியிலிருந்து விடுதலையும் கேட்டு வேலையை நிறுத்தி, சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். காலனி அரசு போலீஸை அனுப்பி அதை முறித்தது. மலாயாவின் தொழிலாளர் வரலாற்றை எழுதுகிற யாரும் பத்து ஆராங்கைத் தாண்டிப் போக முடியாது. 1948 ஜூலையில், அவசரகாலம் தொடங்கிய சில வாரங்களில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இங்கே புகுந்து தாக்கினார்கள். இவ்வளவும் இந்தச் சின்ன ஊரில் நடந்திருக்கிறது. நம் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரி வந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

சுரங்கம் மூடியதற்கு எண்ணெய்தான் காரணம். 1950களில் ரயில் இன்ஜின்கள் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறின, மின்நிலையங்களும் எண்ணெய் பக்கம் போயின. கரி வாங்க ஆளில்லை. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள். கிளைப்பாதை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு கிடந்து 1971இல் மூடப்பட்டது. சித்தப்பா வேலைக்குச் சேர்ந்தது அந்தக் கடைசி வருடங்களில்.

“வண்டி ரொம்பக் குறைவு. ஆனா லைன் மூடுற வரைக்கும் நாங்க கல் இடிச்சோம். வண்டி வருதோ இல்லையோ, அளவு ஒரு மீட்டர் இருக்கணும்.”

பழைய தடம் போன இடம் என்று அவர் காட்டிய வழியில் கொஞ்ச தூரம் நடந்தோம். லாலான் புல் இடுப்பளவு. ஓரிடத்தில் நிலம் இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் மேடாக, நேராகப் போகிறது. இயற்கையான மேடு அவ்வளவு நேராகப் போகாது. சித்தப்பா குனிந்து புல்லை விலக்கி ஒரு கல்லை எடுத்தார். ஒரு பக்கம் கூராக உடைந்த சாம்பல் நிறக் கருங்கல். ஆற்றுக் கல்லாக இருந்தால் உருண்டையாக இருக்கும், உருண்டைக் கல் கட்டைக்கடியில் நிற்காது, உருண்டு ஓடிவிடும். உடைத்த கல்தான் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு நிற்கும் என்றார். கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

சனி, கோலாலம்பூர், தைப்பிங்

இடிஎஸ் கேஎல் சென்ட்ரலில் ஏறினோம். அதற்கு முன், செந்தூலிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் வழியில், பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி அரைமணி நேரம் இருந்தோம். ஹப்பக் வடிவமைத்து 1910இல் திறந்தது. வளைவும் கும்பமும் கண்ணை இழுக்கும். எதிரே ரயில்வே தலைமையகம் 1917இல் எழுந்தது. இரண்டையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு அங்கே பிடித்தது கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள்தான்.

கோலாலம்பூருக்கு ரயில் வந்தது 1886 செப்டம்பரில். கிள்ளான் ஊருக்குள் போக ஆற்றுக்குப் பாலம் இல்லாததால் முதலில் புக்கிட் கூடாவோடு நின்றது. பாலம் கட்டி 1890இல் கிள்ளானுக்குள் போனது. அதன் பிறகு கோலாலம்பூரிலிருந்து கிளைகள் முளைத்தன. அம்பாங் பக்கம் ஈயத்துக்காக ஒன்று, பத்துமலைக்குச் சுண்ணாம்புக் கல்லுக்காக ஒன்று. அம்பாங் எல்ஆர்டியில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பழைய ரயில்வே வழியில்தான் போகிறார்கள். 1996இல் எல்ஆர்டி கட்டியபோது அந்த வழியையே எடுத்துக்கொண்டார்கள். பத்துமலைக் கிளையோ 2010இல் மின்ரயில் பாதையாகப் புது உயிர் பெற்று, இப்போது தைப்பூசத்துக்கு நம் ஜனம் முழுவதையும் கொண்டு போகிறது. நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த கிளைகள் பிழைத்துக்கொண்டன. கரியை மட்டும் நம்பி இருந்த பத்து ஆராங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கோலா கங்சார் தாண்டி பெராப்பிட் குகைப்பாதை. 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பழைய தடம் இந்த மலையைச் சின்னச் சின்னக் குகைகளும் வளைவுகளுமாகக் கடந்தது. இப்போது ஒரே இருட்டு, அப்புறம் தைப்பிங். எதிர்பார்த்தபடியே மழை. புதிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழைய ஸ்டேஷன் கட்டடத்தையும் விட்டு வைத்திருக்கிறார்கள். மழை விட்டதும் ஏரித் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். ஈயச் சுரங்கமான லம்பம் தோண்டிய குழிதான் 1880 வாக்கில் தோட்டமாக மாறியது. சாலைக்கு மேலே படர்ந்து ஏரியைத் தொடுகிற மழைமரங்களின் கீழே சித்தப்பா உற்சாகமாக நடந்தார். இரவு சீக்கிரம் படுத்துவிட்டோம்.

ஞாயிறு, போர்ட் வெல்ட்

காலை பஸ்ஸில் சிம்பாங், மாத்தாங் வழியாக கோலா செபெத்தாங். மாத்தாங்கில் ஙா இப்ராஹிம் கட்டிய கோட்டை சாலையோரமாகவே இருக்கிறது. தைப்பிங்கைச் சுற்றிய லாருட் வட்டாரத்து ஈயத்தின் வரிப் பணத்தில் செல்வாக்காக இருந்தவர் அவர். ஈயத்துக்காகச் சீனச் சங்கங்களுக்குள் ஆண்டுக் கணக்கில் சண்டை நடந்த மண் இது. 1874க்குப் பிறகு பிரிட்டிஷார் உள்ளே வந்தார்கள். 1877 முதல் 1889 வரை பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆலோசகராக, இருந்த ஹியூ லோ ரயில் பாதைக்கு முனைந்து நின்றார். அதுவரை ஈயம் மாட்டுவண்டியில் கடற்கரைக்குப் போனது. மழை அடித்தால் வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். தைப்பிங்கில் மழை அடிக்காத நாள் எது?

பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையின் இரண்டு பிரிவுகளைக் கொண்டுவந்தார்கள். அங்கே மலைக்காட்டில் சாலையும் ரயிலும் போட்டுப் பழகிய உழைப்பாளிகள் அவர்கள். தைப்பிங் பக்கம் நிலம் கெட்டி. கடலை நெருங்க நெருங்க அலையாத்திக் காட்டின் சேறு. அதன் மேல் மண் கொட்டி, அது அமிழ, மறுபடி கொட்டி, ஒருவழியாகத் தடம் கடலைத் தொட்டது. துறைமுகத்துக்கு அப்போதைய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஃபிரெடெரிக் வெல்ட் பெயரைச் சூட்டினார்கள். சேற்றில் நின்றவர்களின் பெயரை நான் தேடிய எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. ‘இலங்கைப் பயனியர்கள்’ என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள்.

பஸ் நின்ற இடத்திலிருந்து கடைத்தெருவில் கொஞ்சம் நடந்தால் பலகை. இரண்டு கம்பத்தின் நடுவே, எந்த ஸ்டேஷனிலும் இருக்கிற மாதிரி. ஆனால் முன்னால் நடைமேடை இல்லை, தடம் இல்லை. மோட்டார் சைக்கிள்களும் மீன் வாங்க வந்தவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் போர்ட் வெல்ட். கிட்டப் போய்த் தமிழ் வரியை மட்டும் நெடுநேரம் பார்த்தேன். மெய்யெழுத்தின் மேல் புள்ளி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்களுக்காகத்தான் இந்த வரி. அந்தக் கால ஸ்டேஷன்கள் பலவற்றில் இப்படித் தமிழ் இருந்தது. பயணி தமிழர், போர்ட்டர் தமிழர், பாயிண்ட்ஸ்மேன் தமிழர். எழுதாமல் ரயில்வே நடந்திருக்காது. இன்று புதிதாகக் கட்டிய எத்தனையோ ஸ்டேஷன்களில் இறங்கியிருக்கிறேன், இப்படி ஒரு வரியைத் தேடி ஏமாந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பலகை எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

டிக்கெட் கவுண்டர் மிகச் சிறியது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து காசு வாங்கிச் சீட்டுக் கொடுக்கும் அளவுக்குத்தான் இடம். சித்தப்பா ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றி, சீட்டு வாங்குகிறவர் மாதிரி நின்றார். ஒற்றைத் தடத்தில் ரயில் எப்படி மோதாமல் போனது என்று அப்போது கேட்டேன். டோக்கன், என்றார். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள தடத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். பெரிய வளையத்தில் அதை மாட்டி ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கிப் பிடிப்பார், ஓடுகிற இன்ஜினிலிருந்து கையை நுழைத்து வாங்கிக்கொள்வார்கள். அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தத் தடத்துக்குள் போகக் கூடாது. சிங்கப்பூர் புக்கிட் தீமா ஸ்டேஷனில் 2011 வரைக்கும் இப்படிக் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பக்கத்துக் காப்பிக்கடைத் தவுக்கே (முதலாளி) எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார். சித்தப்பா மலாய் மொழியில் ரயில்வே என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் அப்பா மீன் கூடையோடு ரயிலில் தைப்பிங் சந்தைக்குப் போவார் என்றும், ஸ்டேஷனில் இருந்த தமிழர் கூடையை எடை போடும்போது இரண்டு மீனை வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் விடுவார் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தத் தமிழர் பெயர் என்ன என்று கேட்டேன். அப்பா சொல்லியிருக்கிறார், மறந்துவிட்டது என்றார்.

போர்ட் வெல்ட் தேய்ந்ததற்குக் காரணமும் ரயில்தான். வடக்கும் தெற்கும் தடம் நீண்டு, 1903க்குள் பிறை முதல் சிரம்பான் வரை ஒரே பாதையாகிவிட்டது. பிறைக்கு எதிர்க்கரையில் பினாங்குத் துறைமுகம், கப்பல்கள் நேராக அங்கே வரும். ஈயம் ஏன் இந்த ஆழமில்லாத கழிமுகத்துக்கு வர வேண்டும்? முதல் பாதையாகப் பிறந்தது சில வருடங்களிலேயே ஒரு சாதாரணக் கிளையாகிவிட்டது. ஊர் பிழைத்தது மீனாலும் அலையாத்தி மரத்தாலும்.

மத்தியானம் கரிச்சூளை பார்க்கப் போனோம். மாத்தாங் அலையாத்திக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். நூறு வருடத்துக்கும் மேலாகப் பகுதி பகுதியாக வெட்டி, நட்டு, முப்பது வருடம் விட்டு மறுபடி வெட்டுகிறார்கள். சூளைகள் பெரிய கறையான் புற்றுகள் போல வரிசையாக நிற்கின்றன. உள்ளே மரத்தை நெட்டுக்குத்தாக அடுக்கி, வாயில் மட்டும் தீ மூட்டுகிறார்கள். மரம் எரிவதில்லை, சூட்டில் அதன் ஈரம் முழுவதும் ஆவியாகப் போகிறது. வெளியே வரும் புகையின் வாசத்தை வைத்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சூளைக்காரர் சொல்லிவிடுவார். அப்புறம் வாயை அடைத்து ஆறவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாதம். சித்தப்பா புகைக்குப் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டு, “பத்து ஆராங் கரி வாசம் வேற” என்றார்.

திங்கள், திரும்பும் வழி

தைப்பிங்கில் காலை ரயில். ஜன்னலோரம் சித்தப்பா. என் தாத்தாவைப் பற்றி நானே கேட்டேன். இதுவரை அவர் இதை முழுதாகச் சொன்னதில்லை.

தாத்தா ரவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் லாரி வந்து ஆட்களை ஏற்றிப் போனது. சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்கு. 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். அதற்குத் தேவையான கம்பியில் ஒரு பகுதி மலாயாவிலிருந்தே போனது. கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட தூரத்துக்குத் தடத்தைப் பெயர்த்தார்கள். 1905இல் திறந்த தம்பின் – மலாக்கா கிளையையும் பெயர்த்தார்கள், அது மறுபடி வரவே இல்லை. தமிழர்கள் போட்ட கம்பியைக் கழற்றி, தமிழர்களையும் ஏற்றிக்கொண்டு போய், அங்கே அதே கம்பியைப் போட வைத்தார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் போனார்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

தாத்தா திரும்பி வந்தார். கூடப் போன தம்பி வரவில்லை. “உங்களோட அந்தச் சித்தப்பா பேரு என்ன?” என்று கேட்டேன். சொன்னார். என் அப்பாவுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நோட்டை எடுத்தேன். குவாங் கேங்கில் உங்களோடு யார் யார் இருந்தார்கள், சொல்லுங்கள் என்றேன். முதலில் கேங்குக்குத் தலைவரான தண்டல் பெயர் வந்தது. அப்புறம் கீமேன். அப்புறம் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தார், யாருக்கு எந்தக் கால் போனது, யார் சம்பள நாளில் பாட்டுப் பாடுவார் என்று ஒவ்வொன்றாக. ஈப்போ தாண்டியும் நிற்கவில்லை. சிலருக்குப் பட்டப்பெயர்தான் நினைவிருந்தது, அதையும் எழுதினேன். தஞ்சோங் மாலிம் வந்தபோது, உயிரோடு இருப்பவர்களுக்கு நேராக ஒரு கோடு போடச் சொன்னார். ஒருவர் செந்தூல் பாசாரிலும் ஒருவர் பத்து கேவ்ஸ் அடுக்குமாடியிலும் இருக்கிறார்களாம். கேஎல் சென்ட்ரலில் இறங்குவதற்குள் செந்தூல்காரருக்குச் சித்தப்பா போன் போட்டுவிட்டார். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பத்து ஆராங் ஸ்டேஷனில் கேங் முழுவதும் நின்று எடுத்த ஒரு படம் அவரிடம் இருக்கிறதாம்.